வீட்டில் இருந்தபடியே ஓர் அண்டார்டிகப் பனிப்பாறையைப் பின்தொடர்வது எப்படி?

அண்டார்டிகாவில் பெரிய பனிப்பாறை உடைந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் நடப்பது ஒன்றுதான். ஏதோ ஒரு நகரத்தைவிட இத்தனை மடங்கு பெரியது என்று ஒரு தலைப்பு, வெள்ளை வெளேரென்று ஒரு செயற்கைக்கோள் படம், கடல் மட்டம் ஏறிவிடுமா என்று ஒரு கேள்வி, இரண்டு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அந்தப் பாறை அப்புறம் எங்கே போனது, எதில் போய் முட்டியது, எப்போது கரைந்தது என்று சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. இத்தனைக்கும் ஆய்வாளர்கள் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இலவசமாகத்தான் கிடக்கின்றன. ஒரு கணினி, சுமாரான இணைய இணைப்பு, வாரத்துக்கு அரை மணி நேரம், இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். பட்டம் எதுவும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். பனி மாறுகிறதா இல்லையா என்பதைத் தனியாக ஒரு படம் சொல்லவே சொல்லாது. ஒரே இடத்தை, ஒரே பருவத்தில், ஒரே வகைக் கருவி எடுத்த படங்களை வரிசையாக வைத்தால்தான் சொல்லும். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்த வரிசையை நீங்களே உருவாக்கிக்கொள்வதற்குத்தான்.

முதலில், எந்தப் பனி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதித்தால் பின்னால் எல்லாமே குழம்பும். நிலத்தின் மேல் சராசரியாக சுமார் 2 கிலோமீட்டர் தடிமனில் உட்கார்ந்திருப்பது பனிப்படலம். அது முழுக்க உருகினால் உலகக் கடல் மட்டம் சுமார் 58 மீட்டர் ஏறும் (நாளைக்கே நடக்கிற விஷயம் இல்லை, அளவு புரியட்டும் என்று சொல்கிறேன்). அந்தப் படலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வழிபவை பனியாறுகள். அவை கடலுக்குள் நீண்டு, நிலத்தோடு ஒட்டிக்கொண்டே மிதக்கும் பகுதி பனித்தட்டு. பனித்தட்டின் முனை உடைந்து தனியே போனால் அதுதான் பனிப்பாறை. கடற்பனி இந்தக் குடும்பத்தில் சேராது. அது கடல்நீரே உறைந்து உண்டாவது, பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் தடிமன்தான், குளிர்காலத்தில் கண்டத்தைச் சுற்றிப் பெருகும், கோடையில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

மிதக்கிற பனி உருகுவதால் கடல் மட்டம் கிட்டத்தட்ட ஏறாது, ஏனென்றால் தன் எடைக்கான நீரை அது ஏற்கெனவே விலக்கித்தான் மிதக்கிறது. அப்படியானால் பனித்தட்டு உடைந்தால் என்ன கவலை என்று கேட்டால், அது கதவுக்கு அண்டக் கொடுத்த கட்டை மாதிரி, பின்னாலிருந்து வரும் பனியாற்றைத் தடுத்து நிறுத்துகிறது. 2002 தொடக்கத்தில் லார்சன் பி பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சுமார் 35 நாளில் நொறுங்கிப்போனது. அதன் பின்னால் இருந்த பனியாறுகள் அப்புறம் பல மடங்கு வேகமெடுத்தன. அந்தப் பனியாறுகளில் இருப்பது நிலத்துப் பனி, அதனால் அது கடலில் சேரும்போது மட்டம் ஏறத்தான் செய்யும்.

ஆனால் ஒவ்வோர் உடைப்பும் லார்சன் பி கிடையாது. 2019 செப்டம்பரில் ஏமரி பனித்தட்டிலிருந்து டி-28 என்ற 1,636 சதுர கிலோமீட்டர் பாறை பிரிந்தபோது, இது வழக்கமான சுழற்சி, 1960களின் தொடக்கத்துக்குப் பிறகு அங்கே பெரிதாக உடைந்ததே இல்லை என்றுதான் ஆய்வாளர்கள் சொன்னார்கள். தட்டு நீளும், முனை உடையும், மறுபடி நீளும். உடைந்த பின் அந்த முனை பழைய இடம்வரை வளர்கிறதா, இல்லை பின்வாங்கிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளப் பல ஆண்டுப் படங்கள் வேண்டும்.

ஒரு பாறையைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்காவின் தேசிய பனி மையம் பெரிய அண்டார்டிகப் பனிப்பாறைகளின் பட்டியலை வாராவாரம் புதுப்பித்து வெளியிடுகிறது. அதைத் திறந்தால் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, நீளம், அகலம், கடைசியாகப் பார்த்த தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். நீள அகலங்கள் கடல்மைலில் தரப்படும், 1.852 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். பட்டியலில் இடம்பெறப் பாறை குறைந்தது 10 கடல்மைல் நீளமாவது, 20 சதுர கடல்மைல் பரப்பாவது இருக்க வேண்டும்.

பெயரில் இருக்கும் எழுத்து, அந்தப் பாறை முதலில் எந்தக் காற்பகுதியில் தென்பட்டது என்பதைச் சொல்கிறது. பூஜ்யத் தீர்க்கரேகையிலிருந்து மேற்கு 90 பாகை வரை ஏ, அங்கிருந்து 180 வரை பி, அதைத் தாண்டி கிழக்கு 90 வரை சி, மீதி டி. எண் வரிசைப்படி வரும். பாறை உடைந்து பெரிய துண்டுகள் ஆனால் பின்னால் ஓர் எழுத்து சேரும்: ஏ-68 உடைந்தால் ஏ-68ஏ, ஏ-68பி என்று. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ராஸ் பனித்தட்டிலிருந்து சுமார் 11,000 சதுர கிலோமீட்டரில் பிரிந்த பி-15 இப்படி உடைந்து உடைந்து எழுத்துகள் நீண்டுகொண்டே போயின.

முதல் முறையாகப் பார்ப்பவர்கள் பட்டியலில் பெரியதாக ஒன்றை எடுப்பது நல்லது, கண்ணில் படுவது சுலபம். அதிலும் திறந்த கடலை நோக்கி வருவதாக இருந்தால் வாராவாரம் ஏதாவது மாற்றம் தெரியும். கடற்பனிக்குள் சிக்கிக்கொண்டதை எடுத்தால் மாதக்கணக்கில் ஒரே படத்தைப் பார்த்து அலுத்துவிடுவீர்கள்.

நகராத பாறைக்கும் கதை உண்டு என்பதற்கு ஏ-23ஏ நல்ல உதாரணம். 1986இல் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து உடைந்தது, கொஞ்ச தூரத்திலேயே வெட்டல் கடலின் அடித்தரையில் தட்டி நின்றுவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியே. 2020 வாக்கில் தரையிலிருந்து விடுபட்டு வடக்கே வரத் தொடங்கியது. 2024இல் தெற்கு ஓர்க்னி தீவுகளுக்குப் பக்கத்தில், கடலடி மேடு ஒன்றின் மேல் உருவாகும் நீர்ச்சுழலில் மாட்டிக்கொண்டு, நாளுக்குச் சுமார் 15 பாகை வீதம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. டிசம்பரில் தப்பித்து, 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவுக்கு அருகே மறுபடி தரைதட்டி, அதன் பிறகு அங்கிருந்தும் விலகி உடைய ஆரம்பித்தது. அது சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் பட்டியலின் எண்களை மட்டும் பார்த்தவருக்குப் பாறை சும்மா நிற்பதாகத்தான் தோன்றியிருக்கும். படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அது சுழல்வது தெரிந்தது.

படத்தைத் திறப்பது

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்திலிருந்து தொடங்குங்கள், கணக்குக்கூடத் திறக்க வேண்டாம். திறந்ததும் வழக்கமான உலக வரைபடம் வரும். மேலே வலப்பக்கம் இருக்கும் உருண்டைக் குறியை அழுத்தி அண்டார்டிகப் பார்வைக்கு மாறுங்கள். இப்போது தென்துருவம் நடுவில் இருக்கும். பூஜ்யத் தீர்க்கரேகை மேலே, கிழக்கு 90 வலப்பக்கம், ராஸ் கடல் கீழே, இடப்பக்கம் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது அண்டார்டிக தீபகற்பம், அதை ஒட்டி மேலே வெட்டல் கடல். இந்த வரைபடத்தில் வடக்கு என்பது மேலே இல்லை. நடுவிலிருந்து எந்தப் பக்கம் வெளியே போனாலும் அது வடக்குதான். இது பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

கடற்கரைக் கோடுகளையும் ஆயக்கோடுகளையும் (அட்சரேகை, தீர்க்கரேகைக் கோடுகள்தான்) சேர்த்துக்கொண்டு, சுட்டியை நகர்த்தினால் ஓரத்தில் தெரியும் ஆயங்களைப் பார்த்துக்கொண்டே பட்டியலில் உள்ள இடத்துக்குப் போங்கள். கீழே இருக்கும் காலக்கோட்டில் பட்டியல் தந்த தேதியையே வையுங்கள். இன்றைய தேதியை வைத்துவிட்டுப் பாறையைக் காணோமே என்று தேடாதீர்கள், ஒரு வாரத்தில் அது நன்றாக நகர்ந்திருக்கலாம்.

அங்கே போனால் எல்லாமே வெள்ளை. மேகம் வெள்ளை, கடற்பனி வெள்ளை, பாறையும் வெள்ளை. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இயல்பு நிறப் படத்துக்குப் பதிலாக 7-2-1 என்ற பட்டைச் சேர்க்கையை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சேர்த்து நிறமாக்கிய படத்தை, தேர்ந்தெடுங்கள். பனி அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும், நீர்த்துளி மேகம் திருப்பி அனுப்பும். அதனால் பனி வெளிர்நீலமாகவும் அந்த மேகம் வெள்ளையாகவும் பிரிந்து தெரியும். உயரத்தில் இருக்கும் பனித்துகள் மேகம் மட்டும் இதிலும் நீலமாக வந்து ஏமாற்றும். இரண்டாவது வழி இன்னும் எளிது, ஆனால் இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்: தேதியை ஒவ்வொரு நாளாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மேகம் நாளுக்கு நாள் உருமாறும், பாறை மாறாது. நாலைந்து நாள் தள்ளினாலே நேர்விளிம்பும் கூர்மூலையும் உள்ள ஒரு வடிவம் மட்டும் அப்படியே நிற்பது கண்ணில் படும்.

ஒரு நாளின் படம் என்பது பல சுற்றுப்பாதைகளில் எடுத்த கீற்றுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டிய கோட்டில் மேகம் திடீரென வெட்டுப்பட்டிருக்கும், அதைப் புதிய பிளவு என்று நினைத்துவிடாதீர்கள். மேகத்தின் நிழலும் அப்படித்தான், சூரியன் தாழ்ந்திருக்கும் மாதங்களில் விரிசல் போலவே கறுப்பாக நீளும். விரிசல் என்றால் மறுநாளும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இருட்டு வந்தால் ராடார்

ஏப்ரல் வாக்கில் படங்கள் மங்க ஆரம்பித்து, குளிர்காலத்தில் தென்பகுதி முழுக்க இருண்டுவிடும். இதற்குத்தான் ராடார் செயற்கைக்கோள்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 வரிசை தானே நுண்ணலையை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்வதால் இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. இந்தப் படங்களைத் தரும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் இலவசக் கணக்கு திறந்து, சென்டினல்-1இல் சுமார் 400 கிலோமீட்டர் அகலத்துக்கு எடுக்கும் அகலப்பரப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் துருவப் படங்கள் கிடைக்கும். அந்தத் தளம் தலைசுற்றினால் போலார் வியூ தளத்தில் இதே படங்களைத் தயார் நிலையில் பார்க்கலாம்.

ராடார் படத்தில் பாறை பொதுவாகப் பளிச்சென்றும் அமைதியான கடல் கறுப்பாகவும் இருக்கும். பொதுவாகத்தான். காற்று பலமாக அடித்தால் அலையால் கடலும் வெளுத்து, பாறையின் விளிம்பு கரைந்துபோகும். கோடையில் பாறையின் மேல்பனி ஈரமானால் அது அலையை உறிஞ்சிக்கொண்டு கறுத்துவிடும். நேற்றுவரை வெள்ளையாக இருந்த பாறை இன்று கறுப்பு. உருகிக் காணாமல் போய்விட்டது என்று பதறாமல் விளிம்பின் வடிவத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு வரவும் உண்டு: 2025 ஜூலை 30 அன்று இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து ஏவிய நிசார். அதன் ராடார் எப்போதும் பாதைக்கு இடப்பக்கம் பார்க்கும்படி வைத்ததற்கு ஒரு காரணமே, அண்டார்டிகாவின் உட்பகுதி நன்றாகப் படத்தில் சிக்க வேண்டும் என்பதுதான்.

அளப்பதில் இருக்கும் பொறிகள்

இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நாம் தினமும் பார்க்கும் இணைய வரைபடங்கள் மெர்கேட்டர் வகை, அதாவது துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கும். தெற்கு 75 பாகையில் நீளம் ஏறக்குறைய 4 மடங்காகத் தெரியும், பரப்பு 15 மடங்காக. அதே பாறை வடக்கே நகர்ந்து 60 பாகைக்கு வந்தால் பரப்பு 4 மடங்குதான். அதாவது ஒரு சதுர மீட்டர்கூட உருகாமலேயே திரையில் பாறை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சுருங்கிவிடும்! கோப்பர்நிக்கஸ் பிரவுசரின் வரைபடமும் இந்த வகைதான், ஆகவே திரையில் கண்ணால் ஒப்பிடாதீர்கள். துருவப் பார்வையில் அளவுக் கருவியைக் கொண்டு அளவெடுங்கள். வேர்ல்ட்வியூவில் அளவுகோல் குறியை அழுத்தினால் தூரம், பரப்பு இரண்டுமே அளக்கலாம். விளிம்பைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே போய் மூடினால் பரப்பு வரும்.

பட்டியலில் இருக்கும் நீளத்தையும் அகலத்தையும் பெருக்குவது அடுத்த பொறி. பாறை செவ்வகமாக இருந்தால் சரி, முக்கோணமாகவோ பிறைவடிவிலோ இருந்தால் விடை தாறுமாறாகப் பெருத்துவிடும். மூன்றாவது, நகர்ந்த தூரம். பூமத்திய ரேகையில் ஒரு பாகைத் தீர்க்கரேகை 111 கிலோமீட்டர்; தெற்கு 75 பாகையில் அது வெறும் 29. தீர்க்கரேகை இரண்டு பாகை மாறிவிட்டதே என்று 222 கிலோமீட்டர் எழுதிவைத்தால், உண்மையில் நகர்ந்தது 58தான்.

அளக்கும்போதே ஓர் ஏட்டிலோ விரிதாளிலோ எழுதிவிடுங்கள்: படத்தின் தேதி, எந்தச் செயற்கைக்கோள், பாறை நடுவின் ஆயங்கள், பரப்பு, மேகம் எவ்வளவு, விளிம்பு தெளிவா இல்லையா. கடைசி இரண்டும் வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் மூன்று மாதம் கழித்து ஒரு வாரம் மட்டும் பரப்பு திடீரென்று குதித்திருப்பதைப் பார்க்கும்போது, அன்று பாறையோடு ஒட்டியிருந்த கடற்பனியையும் சேர்த்து அளந்தீர்களா என்று கண்டுபிடிக்க அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். ஒரே படத்தை மூன்று தடவை அளந்து, மூன்று விடைக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்துக்குள் வரும் எந்த மாற்றத்தையும் மாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதை வரைந்து பார்த்தால் பெரும்பாலான பாறைகள் கரையோர நீரோட்டத்தோடு மேற்கே போய், வெட்டல் கடலின் சுழலில் சேர்ந்து, தீபகற்பத்தை ஒட்டி வடக்கே ஏறி, தெற்கு ஜார்ஜியா பக்கம் வருவது தெரியும். வெதுவெதுப்பான அந்த நீரில்தான் அவை வேகமாகக் கரைகின்றன.

பாறையிலிருந்து பெரிய படத்துக்கு

ஒரு பாறை கைவந்துவிட்டால், அடுத்தது கடற்பனி. அமெரிக்காவின் தேசிய பனி மற்றும் உறைபனித் தரவு மையம் தினசரிப் பரப்பை வரைபடமாகத் தருகிறது. தெற்கு அரைக்கோளத்தைத் தேர்ந்தெடுத்து எந்த ஆண்டு வேண்டுமோ சேர்த்துப் பார்க்கலாம். கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, குறைந்தது 15 சதவீதம் பனி உள்ள ஒவ்வொரு கட்டமும் இந்தக் கணக்கில் சேரும். பிப்ரவரியைப் பிப்ரவரியோடும் செப்டம்பரைச் செப்டம்பரோடும் மட்டும் ஒப்பிடுங்கள். 1979 முதல் தொடர்ச்சியாகத் தரவு இருப்பதால் பாடமும் இருக்கிறது: 2014 வரை அங்கே கடற்பனி மெல்லக் கூடிக்கொண்டே வந்தது, அந்த ஆண்டு செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2016இல் சட்டெனச் சரிந்தது. 2023 பிப்ரவரியில் 17.9 லட்சம், அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவே ஆகக் குறைவு. 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டும் கோடைக் குறைவு 20 லட்சத்துக்குக் கீழேதான் இருந்தது. பத்தாண்டுத் துண்டு ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன முடிவு வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள்.

தடிமன் அறிய 2018இல் ஏவிய ஐஸ்சாட்-2 இருக்கிறது, பச்சை லேசர் துடிப்பை அனுப்பி அது திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தை அளக்கும். நீருக்கு மேல் தெரியும் உயரத்தை 7 முதல் 9 வரை ஏதாவது ஓர் எண்ணால் பெருக்கினால் தட்டையான பாறையின் மொத்தத் தடிமன் தோராயமாக வரும். மேலே இறுகாத பனி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும்.

நிலத்துப் பனியின் எடையை அளந்தது கிரேஸ் செயற்கைக்கோள் ஜோடி, 2017இல் அது ஓய்ந்த பின் 2018 முதல் அளப்பது அதன் வாரிசு ஜோடி. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கும் ஜோடியின் இரண்டு செயற்கைக்கோள்களும், கீழே ஈர்ப்பு மாறும்போது தங்களுக்குள் விலகி நெருங்குவதை வைத்துக் கணக்கிடுகின்றன. 2002இல் தொடங்கிய இந்த அளவீட்டில் 2023 வரை அண்டார்டிகா ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 15,000 கோடி டன் பனியை இழந்து வந்திருக்கிறது. இதற்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துப் பாருங்கள். 2017இல் லார்சன் சியிலிருந்து உடைந்த ஏ-68, தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிச் சில மாதங்களில் மட்டும் 15,200 கோடி டன் நன்னீரைக் கடலில் விட்டதாகக் கணக்கிட்டார்கள். எண்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அர்த்தம்தான் வேறு. ஏ-68 ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தது, ஆகவே அந்த நீரால் கடலின் உப்பும் உயிர்களும் பாதிக்கப்படலாமே தவிர மட்டம் ஏறாது. நிலத்திலிருந்து போன பனியோ, சுமார் 36,000 கோடி டன்னுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஆண்டுக்கு 0.4 மில்லிமீட்டர் ஏற்றுகிறது. செய்தியில் டன் கணக்கு வந்தால் அது எந்தப் பனி என்று முதலில் கேளுங்கள்.

இன்னும் ஆழமாகப் போக ஆசைப்பட்டால் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளையும், நார்வே துருவ ஆய்வு நிறுவனம் அதற்காகத் தயாரித்த குவான்டார்டிகா தொகுப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். கடலடி ஆழம், பனியின் வேகம், பனித்தட்டு எல்லைகள் எல்லாம் ஏற்கெனவே அடுக்கிவைத்திருக்கும். உங்கள் பாறையின் பாதையை அதன் மேல் போட்டால், அது எங்கே ஏன் நின்றது என்பது கடலடி ஆழத்தைப் பார்த்ததுமே புரிய ஆரம்பிக்கும்.

தொடங்க நல்ல நேரம் அக்டோபர் முதல் மார்ச் வரை, வெளிச்சம் இருக்கும். ராடாரை அதற்குள் பழகிக்கொண்டால் குளிர்காலத்தில் திண்டாட வேண்டாம். ஒருநாள் உங்கள் பாறையின் பெயர் பட்டியலிலிருந்து காணாமல் போகும். கரைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அளவு வரம்புக்குக் கீழே போயிருக்கும், அவ்வளவுதான். கடைசியாகக் குறித்த இடத்தைச் சுற்றி ராடார் படத்தில் துண்டுகளைத் தேடி இன்னும் சில வாரம் ஓட்டலாம். முடியாதபோது பட்டியலில் அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், ஏட்டின் பழைய பக்கங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.